நாணலை எண்ணிய நங்கை

பொங்கலன்று நம் வீட்டு முற்றத்தில் சாத்தி வைக்கும் கரும்பும், லாரியில் ஏற்றி ஆலைக்குக் கொண்டுபோகும் கரும்பும் ஒன்றல்ல. முற்றத்துக் கரும்பு கறுத்துத் தடித்து, கடித்தால் சாறு சொட்டும். ஆலைக் கரும்போ மெலிந்து உறுதியாக, வெயிலையும் வெள்ளத்தையும் ஓரளவு தாங்கி நிற்கும். இந்த உறுதி அதற்கு எங்கிருந்து வந்தது தெரியுமா? ஆற்றோரத்தில் வெண்சாமரம் போலப் பூத்து ஆடும் நாணலிலிருந்து வந்தது. சாறும் இல்லாத, சுவையும் இல்லாத அந்தப் புல், கரும்பின் காட்டு உறவினம். ஏழை உறவினர் என்று எவரும் திரும்பிப் பாராத அந்த நாணலை வரிசை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றின் உள்ளேயும் என்ன இருக்கிறது என்று எண்ணிப் பார்த்த ஒரு பெண்மணியின் வாழ்க்கையை இந்த மலரில் எழுத விரும்பினேன்.

அவர் பெயர் டாக்டர் இடவலத் கக்கத் ஜானகி அம்மாள்.

அன்றைய சென்னை மாகாணத்தின் மலபார் பகுதியில், தலைச்சேரி என்னும் கடற்கரை நகரில், 1897-ஆம் ஆண்டு நவம்பர் 4-ஆம் நாள் ஜானகி பிறந்தார். தந்தையார் திவான் பகதூர் ஈ. கே. கிருஷ்ணன் நீதித்துறையில் சப்-ஜட்ஜாக இருந்தவர். தாயார் பெயர் தேவி அம்மாள். தந்தையாருக்கு முதல் மனைவி வழியில் ஆறு பிள்ளைகள், இரண்டாம் மனைவியான தேவி அம்மாள் வழியில் பதின்மூன்று பிள்ளைகள். இந்தப் பதின்மூவரில் ஜானகி பத்தாமவர். இவ்வளவு பெரிய குடும்பத்தில் ஒரு பெண் குழந்தை தனித்துத் தெரிவதே கடினம். ஆனால் அந்த வீட்டில் ஒரு நல்ல தோட்டம் இருந்தது. கிருஷ்ணன் அவர்கள் வழக்குக் கட்டுகளைப் பார்த்த நேரம் போக எஞ்சிய நேரமெல்லாம் செடிகளோடும் பறவைகளோடும் இருந்தவர். வட மலபாரின் பறவைகளைப் பற்றி நூல்களும் எழுதியிருக்கிறார். பெயர் எழுதிக் குறிப்பு வைக்கும் பழக்கம் மகளுக்குத் தந்தையிடமிருந்தே வந்தது எனலாம்.

தலைச்சேரியில் கன்னியர் நடத்திய திருஇருதயப் பள்ளியில் ஜானகி படித்தார். நம்மைப் போன்ற ஒரு கன்னியர் மடப் பள்ளியிலிருந்து இந்தக் கதை தொடங்குகிறது என்பதில் எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி. பிறகு சென்னை இராணி மேரி கல்லூரியில் பட்டப்படிப்பு. 1921-ல் மாநிலக் கல்லூரியில் தாவரவியல் ஆனர்ஸ் பட்டம். அடுத்து மகளிர் கிறித்தவக் கல்லூரியில் ஆசிரியப் பணி.

அக்கால வழக்கப்படி உறவிலேயே ஒரு மணமகனைப் பார்த்து வைத்திருந்தனர். அதே சமயத்தில் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்திலிருந்து, ஆசிய நாட்டுப் பெண்களுக்கென ஏற்பட்ட பார்பர் உதவித்தொகை கிடைத்தது. ஜானகி திருமணத்தை விடுத்துப் படிப்பைத் தேர்ந்தெடுத்தார். கடைசிவரை மணம் செய்துகொள்ளவே இல்லை. இதை எல்லாரும் பின்பற்ற வேண்டும் என்பதற்காகச் சொல்லவில்லை. அந்த நாளில் அப்படி ஒரு முடிவெடுக்க எவ்வளவு நெஞ்சுரம் வேண்டியிருக்கும் என்பதை எண்ணிப் பார்க்கவே சொல்கிறேன்.

1924-ல் கப்பலில் நியூயார்க் போய் இறங்கியபோது குடியேற்ற அதிகாரிகள் அவரை எல்லிஸ் தீவில் நிறுத்தி வைத்தார்கள். நீண்ட கூந்தலையும் பட்டுச் சேலையையும் பார்த்த யாரோ இவர் இந்திய நாட்டு இளவரசி என்று நினைத்து வழிவிட்டார்களாம். அப்படியா என்று பிற்பாடு ஒருவர் கேட்டதற்குத் தாம் அதை மறுக்கவில்லை என்று மட்டும் ஜானகி பதில் சொன்னாராம். சிரிப்பும் சாதுரியமும் அவருக்கு உடன் பிறந்தவை.

மிச்சிகனில் முதுகலைப் பட்டம் பெற்றுத் திரும்பிச் சென்னையில் சிறிது காலம் பாடம் நடத்தினார். மறுபடியும் அங்கே சென்று 1931-ல் டி.எஸ்ஸி. பட்டம் பெற்றார். அமெரிக்காவில் தாவரவியலில் டாக்டர் பட்டம் பெற்ற முதல் இந்தியப் பெண்மணி இவரே என்பர். அங்கே அவர் கற்றுக்கொண்ட கலை, செடியின் உயிரணுவுக்குள் இருக்கும் குரோமோசோம்களை எண்ணும் கலை. அகுஸ்தீன் சபைத் துறவியான கிரகோர் மெண்டல் மடத்துத் தோட்டத்தில் பட்டாணியை வளர்த்துக் கண்டுபிடித்த பாரம்பரிய விதிகளை ஒன்பதாம் பத்தாம் வகுப்பு மாணவிகள் அறிவார்கள். அந்தப் பாரம்பரியப் பண்புகளைத் தாங்கி நிற்கும் நூலிழைகளே குரோமோசோம்கள். இளம் வேரின் நுனியை வெட்டி, சாயம் ஏற்றி, கண்ணாடித் தகட்டில் வைத்து நசுக்கி, மைக்ராஸ்கோப்பின் கீழே ஒவ்வொன்றாக எண்ண வேண்டும். சில செடிகளில் பத்துப் பன்னிரண்டு இருக்கும், சிலவற்றில் நூற்றுக்கு மேல் இருக்கும். ஒன்றின் மேல் ஒன்று விழுந்து கிடக்கும். ஒரு தகட்டை எண்ணி முடிக்கவே கண் பூத்துப்போகும். பூத்தையல் போடுபவர்களுக்கு இருக்கும் பொறுமை இதற்கும் வேண்டும்.

திருவனந்தபுரத்தில் மகாராஜா அறிவியல் கல்லூரியில் 1932 முதல் 1934 வரை பேராசிரியராக இருந்தபின், கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிலையத்துக்கு ஜானகி அம்மாள் வந்து சேர்ந்தார். இங்கே கொஞ்சம் நின்று கரும்பின் கதையைச் சொல்லியாக வேண்டும்.

இந்தியாவில் கரும்பு பழமையான பயிர்தான். ஆயினும் இந்த நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் தொடக்கத்தில் நாம் ஜாவாத் தீவிலிருந்து சர்க்கரையை இறக்குமதி செய்துகொண்டிருந்தோம். வட இந்தியக் கரும்பு மெல்லியது, சர்க்கரை குறைவு. நியூகினித் தீவு தாயகமான தடித்த கரும்போ இனிப்பு மிகுந்தது. ஆனால் வட நாட்டுக் குளிரும் வறட்சியும் அதற்கு ஒத்துவரவில்லை. இரண்டையும் கலந்து புது இனம் உண்டாக்கலாம் என்றால் கரும்பு பூக்க வேண்டும், விதை பிடிக்க வேண்டும். நாம் கரணையை நட்டுக் கரும்பு வளர்ப்பதால் அதன் பூவை யாரும் பொருட்படுத்துவதில்லை. கோயம்புத்தூரின் தட்பவெப்பத்தில் கரும்பு நன்றாகப் பூத்து விதை பிடிக்கும். அதனாலேயே 1912-ல் அங்கே நிலையம் தொடங்கப்பட்டது. பார்பர் என்ற ஆங்கிலேயரும் நம் டி. எஸ். வெங்கட்ராமனும் 'வெள்ளை' என்ற தடித்த கரும்பின் பூவில் உள்ளூர் நாணலின் மகரந்தத்தைச் சேர்த்தார்கள். அதிலிருந்து பிறந்ததுதான் 1918-ல் வெளிவந்த கோ 205 என்னும் கரும்பு. 'கோ' என்பது கோயம்புத்தூரைக் குறிக்கும். பஞ்சாபின் வயல்களில் அது செழித்தது. காட்டுப் புல் ஒன்றோடு பயிரைக் கலந்து உழவர் வயலுக்குக் கொண்டுபோக முடியும் என்று உலகுக்கு முதன்முதலில் காட்டிய கரும்புகளில் அது ஒன்று.

அப்படியானால் எந்த நாணல் நல்ல நாணல்? அதைத் தெரிந்துகொள்ளாமல் கலப்பது இருட்டில் கல் எறிவது போலத்தான். ஜானகி அம்மாள் வந்தபோது நிலையத்துக்குத் தேவைப்பட்ட அறிவு இதுவே. இந்தியாவின் பல வட்டாரங்களைச் சேர்ந்த நாணல் வகைகளை அவர் எடுத்துக்கொண்டார். பார்வைக்கு எல்லாம் ஒரே புல்லாகத் தெரியும். உள்ளே எண்ணிப் பார்த்தால் ஒவ்வொரு வட்டாரத்து நாணலும் ஒவ்வொரு கணக்குச் சொன்னது. இனிப்புக் கரும்பில் 80 குரோமோசோம்கள் என்றால், நாணலில் குறைந்தது 40, மிகுந்தது 128 என்று அந்தக் கணக்கு விரிந்துகிடப்பதை இன்று அறிவோம். இந்திய நாணல் வகைகளின் குரோமோசோம்களைப் பற்றிய அவர் கட்டுரை 1936-ல் வெளிவந்தது. ஓர் இனம் எங்கே மிகுந்த வேறுபாடுகளோடு காணப்படுகிறதோ அங்கே அது நெடுங்காலமாக வாழ்ந்து பெருகியிருக்க வேண்டும் என்பது தாவரவியலாரின் கருத்து. அந்த வகையில் நம் நாடு நாணலின் பெரிய களஞ்சியம் என்பது அவருடைய எண்ணிக்கையால் உறுதிப்பட்டது.

எண்ணியதோடு அவர் நிற்கவில்லை. கரும்பை மக்காச்சோளத்தோடும், சோளத்தோடும், வேறு பல காட்டுப் புற்களோடும் கலந்து பார்த்தார். கரும்பும் மக்காச்சோளமும் சேர்ந்த கலப்பினத்தைப் பற்றிய அவர் குறிப்பு 1938-ல் 'நேச்சர்' இதழில் வந்தது. வெவ்வேறு பேரினங்களைச் சேர்ந்த செடிகள் இப்படிக் கூடும் என்பது அந்நாளில் பெரிய செய்தி. இதற்கு முன்பே, 1935-ல், சர் சி. வி. இராமன் தொடங்கிய இந்திய அறிவியல் கழகத்தின் உறுப்பினராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தார்.

ஆயினும் கோயம்புத்தூர் நாட்கள் இனிமையாக இருக்கவில்லை. ஆண்கள் மட்டுமே நிறைந்த அலுவலகத்தில் தனியாக வாழும் ஒரு பெண். அதிலும் அக்காலச் சமூகம் தாழ்த்தி வைத்திருந்த தீயர் சமூகத்தில் பிறந்தவர். திறமை இருந்தும் உரிய மதிப்பு கிடைப்பது அரிதாயிற்று. அவர் இதைப் பற்றி மேடையில் முழங்கியவரல்லர். 1939-ல் எடின்பரோ நகரில் கூடிய உலகப் பாரம்பரியவியல் மாநாட்டுக்குச் சென்றார். மாநாடு நடந்துகொண்டிருந்தபோதே போர் மேகம் சூழ்ந்தது. அங்கேயே தங்கிவிட்டார்.

அவரோடு இங்கிலாந்துக்குப் போவதற்கு முன் கரும்புத் தோட்டத்தில் எழும் ஒரு கேள்வியைக் கேட்டுவிடுகிறேன். நாணலின் மகரந்தத்தை நாம் கரும்பில் சேர்த்தால் அது இனவிருத்தி. காற்றே கரும்பின் மகரந்தத்தைக் கொண்டுபோய் நாணலில் சேர்த்தால் அது என்ன? ஓரிரு முறை நிகழ்ந்தால் இழப்பொன்றுமில்லை. ஆனால் ஓர் ஓரத்தில் சில நூறு காட்டுச் செடிகள், சுற்றிலும் ஆயிரக்கணக்கான ஏக்கர் ஒரே ரகப் பயிர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டுதோறும் பயிரின் மகரந்தமே வந்து விழுந்தால், காட்டுச் செடியின் தனித்தன்மை மெல்ல மெல்லக் கரைந்துபோகும். செடி அங்கேயே நிற்கும்; பச்சையாகவே இருக்கும்; வழிப்போக்கர் யாரும் ஒரு மாற்றமும் காணமாட்டார். உள்ளே மட்டும் அது வேறொன்றாகியிருக்கும். தைவான் தீவின் காட்டு நெல்லுக்கு இப்படித்தான் நேர்ந்தது. வாழ்விடம் சுருங்கியது ஒரு பக்கம், பயிர் நெல்லோடு கலந்தது மறுபக்கம் என்று அது அழிந்த வரலாற்றை 1979-ல் விஞ்ஞானிகள் எழுதினார்கள்.

வெட்டப்பட்ட மரத்தின் அடிக்கட்டையாவது கண்ணுக்குத் தெரியும். கலப்பால் வரும் இழப்பைக் கண்டுபிடிக்க ஒரே வழி, முன்பே எண்ணி எழுதி வைத்திருப்பதுதான். வகுப்பில் வருகைப் பதிவேடு எதற்கு? யார் வந்திருக்கிறார் என்று அறிய மட்டுமா? நேற்று இருந்தவர் இன்று இல்லை என்று அறியவும்தானே? பதிவேட்டில் பெயரே எழுதாத மாணவி வரவில்லை என்று எந்த ஆசிரியையும் சொல்ல முடியாது. காட்டுச் செடிகளுக்கும் அப்படித்தான். இந்த இடத்தில் இந்தச் செடி, இத்தனை குரோமோசோம், இந்த ஆண்டு என்று ஒருவர் எழுதி வைத்தால்தான், முப்பது ஆண்டு கழித்து இன்னொருவர் அதே இடத்துக்குப் போய், இருக்கிறதா, எத்தனை இருக்கிறது, அதுவாகவே இருக்கிறதா என்று மூன்று கேள்விகளையும் கேட்க முடியும். இப்பொழுது மரபணுவையே படித்துப் பார்க்கும் கருவிகள் வந்துவிட்டன. ஜானகி அம்மாள் காலத்தில் கண்ணும் மைக்ராஸ்கோப்பும்தான். பதிவேட்டின் முதல் பக்கங்களை எழுதியவர்களில் அவர் ஒருவர்.

இங்கிலாந்தில் 1940 முதல் 1945 வரை ஜான் இன்னஸ் தோட்டக்கலை நிலையத்தில் சிரில் டார்லிங்டன் என்ற புகழ்பெற்ற அறிஞரோடு பணியாற்றினார். லண்டனில் குண்டு விழும் இரவுகளில் கட்டிலின் அடியில் பதுங்கிவிட்டு, மறுநாள் காலை அலமாரிகளின் மேல் சிதறிய கண்ணாடித் துண்டுகளைத் துடைத்துத் தள்ளிவிட்டு வேலையைத் தொடர்வாராம். ஊரிலிருந்து போகும்போது ஓர் அணிற்பிள்ளையை யாருக்கும் தெரியாமல் கொண்டுபோயிருந்தார். அதற்குக் 'கபோக்' என்று பெயர். இலவம்பஞ்சைத்தான் ஆங்கிலேயர் அப்படி அழைக்கிறார்கள். முதுகில் மூன்று கோடு போட்ட நம்மூர் அணில் அந்தக் குளிர்நாட்டு ஆராய்ச்சிக்கூடத்தில் பல்லாண்டு வாழ்ந்ததாம்.

1945-ல் டார்லிங்டனும் ஜானகி அம்மாளும் சேர்ந்து எழுதிய 'பயிரிடப்படும் தாவரங்களின் குரோமோசோம் அட்லஸ்' வெளியாயிற்று. உலகில் மனிதன் வளர்க்கும் தாவரங்களுக்கெல்லாம் அதுவரை எண்ணப்பட்ட எண்ணிக்கைகளை ஒரே நூலில் திரட்டித் தந்த பெருமுயற்சி அது. நாவல் போல வாசிக்கும் புத்தகம் அல்ல. பெயரும் எண்ணுமாகத்தான் இருக்கும். ஆனால் எந்தப் பயிர் எந்தக் காட்டுச் செடியோடு உறவு என்று தேடுபவர்களுக்கு அது குடும்ப மரத்தைப் போல் உதவியது. அதன்பின் விஸ்லி என்ற ஊரில் அரச தோட்டக்கலைச் சங்கத்தின் தோட்டத்தில் சில ஆண்டுகள் இருந்தார். நம் செண்பகத்துக்கு உறவான மக்னோலியா மரங்களின் நாற்றுகளுக்குக் கால்ச்சிசின் என்னும் மருந்தைக் கொடுத்து, குரோமோசோம்களை இரட்டிக்கச் செய்தார். அவற்றில் ஒரு வகைக்கு ஜானகி அம்மாள் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள்.

1951-ல் பிரதமர் நேருவின் அழைப்பை ஏற்றுத் தாயகம் திரும்பினார். இந்தியத் தாவர ஆய்வுத் துறையைத் திருத்தியமைக்கும் பொறுப்பு அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. வெள்ளையர் ஆட்சியில் நம் மலைகளிலிருந்து சேகரிக்கப்பட்ட செடிகளின் மாதிரிகள் லண்டன் காட்சிசாலைகளில் இருந்தன. நம் செடியை நாம் பார்க்கக் கப்பலேற வேண்டும் என்ற நிலை மாறவேண்டும் என்பது அவர் உறுதி. இந்தியத் தாவரங்களை இந்தியரே தேடி, இந்திய மண்ணிலேயே பாதுகாக்க வேண்டும் என்றார். ஆனால் 1954-ல் முதன்மைத் தாவரவியலாளர் பதவிக்குப் பம்பாய் புனித சவேரியார் கல்லூரியைச் சேர்ந்த இயேசு சபைத் துறவி சந்தாபாவ் அடிகளார் நியமிக்கப்பட்டார். அடிகளார் ஸ்பெயினில் பிறந்தவர். லண்டன் கியூ தோட்டத்தில் பயின்றவர். ஜானகி அம்மாளுக்கு இது பெரும் மனத்தாங்கலாயிற்று. கத்தோலிக்கப் பள்ளி மலரில் இதை விட்டுவிடலாமே என்று சிலர் நினைக்கக்கூடும். விட வேண்டியதில்லை. அடிகளார் இந்தியக் காடுகளில் கால் தேய நடந்த பேரறிஞர். அவர் செய்த பணி நிலைத்து நிற்கிறது. அம்மையாரின் ஆதங்கத்திலும் நியாயம் இருந்தது. இரண்டும் உண்மைதான்.

அம்மையாரைப் பதவியைவிட மிகுதியாக வருத்தியது வேறொன்று. அசாமில் ஷில்லாங்கிலிருந்து 37 மைல் தொலைவில் மக்னோலியா இனத்தைச் சேர்ந்த ஓர் அரிய மரம் இருப்பதாகப் பதிவு இருந்தது. அந்த வட்டாரத்தில் அந்த இனத்தில் அது ஒன்றுதான். அதைப் பார்க்கத் தேடிக்கொண்டு போனார். போய்ப் பார்த்தால் அது எரிக்கப்பட்டுவிட்டது. உணவு உற்பத்தியைப் பெருக்குவதற்காகக் காட்டு நிலங்களைத் திருத்திய காலம் அது. பசித்த நாட்டுக்கு வயல் வேண்டும் என்பதை அவர் மறுக்கவில்லை. ஆனால் வயலில் விளையும் பயிருக்கு நாளை நோய் வந்தால் மருந்து எங்கே இருக்கிறது? காட்டில் நிற்கும் அதன் உறவினத்தில் அல்லவா?

இது வெறும் கற்பனை அச்சமல்ல. 1970-களில் ஆசிய நாடுகளின் நெல் வயல்களைப் புல்தழைக் குட்டை நோய் என்னும் நச்சுயிரி நோய் பாழாக்கியது. பிலிப்பைன்ஸ் நாட்டிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தார் 6,000-க்கும் மேற்பட்ட நெல் மாதிரிகளைச் சோதித்தார்கள். எதிர்ப்புத் தன்மை கிடைத்தது ஒரே ஒரு காட்டு நெல் மாதிரியில். அது உத்தரப் பிரதேசத்தில் சேகரித்தது. அந்தக் குணத்தை ஏற்றுக்கொண்டு 1976-ல் வெளிவந்த ஐ.ஆர். 36 இரகம் உலகில் மிகுதியாகப் பயிரான நெல்களில் ஒன்றாயிற்று. சேகரிக்கப் போனவர் வருவதற்கு முந்திய ஆண்டு அந்தக் குட்டையை யாராவது தூர்த்திருந்தால்? நம்மூர் ஏரிக்கரைகளிலும் வாய்க்கால் ஓரங்களிலும் களை என்று பிடுங்கி எறியும் காட்டு நெல்லைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த நினைவு வரும்.

1955-ல் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் நகரில், பூமியின் முகத்தை மனிதன் எவ்வாறு மாற்றிவிட்டான் என்பதை ஆராய உலக அறிஞர்கள் கூடினார்கள். அழைக்கப்பட்டவர்களில் ஒரே பெண் ஜானகி அம்மாள். சுற்றுச்சூழல் என்ற சொல்லே மக்கள் வாயில் புழங்காத காலம் அது. இந்திய மக்கள் தம் தேவைக்கெனப் பயிரிட்டு உண்டு வாழும் வாழ்க்கையைப் பற்றி அங்கே அவர் பேசினார். பழங்குடிப் பெண்கள் எந்தக் கிழங்கு எந்தக் காட்டில், எந்த விதை எந்த மண்ணுக்கு என்று அறிந்து காத்துவந்த செல்வத்தை, ஒரே தானியத்தை எங்கும் விளைவிக்கும் புதிய முறை அழித்துவிடக்கூடும் என்பது அவர் கவலை. ஆராய்ச்சிக்கூடத்தில் வாழ்நாளைக் கழித்தவர், பள்ளிக்கூடமே காணாத பெண்களின் அறிவை அறிவென்று மதித்தார். அவரிடம் நான் மிகவும் போற்றுவது இதைத்தான்.

பிறகு அலகாபாத், ஜம்மு, டிராம்பே என்று பல ஊர்களில் பணி. ஜம்முவில் பெருந்தொகையான தாவர மாதிரிகளைச் சேர்த்து வைத்தார். 1970-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தாவரவியல் உயர் ஆய்வு மையத்துக்கு வந்தார். நகருக்கு வெளியே பூந்தமல்லிச் சாலையில் மதுரவாயலில் இருந்த ஆய்வுத் தோட்டமே கடைசிவரை அவருக்கு வீடாயிற்று. மஞ்சள் பட்டுச் சேலை, தொளதொளத்த ரவிக்கை, சுற்றிலும் மூலிகைச் செடிகள், காலடியில் பூனைக்குட்டிகள். ஒரே ஈற்றுக் குட்டிகளிலும் ஒன்றுக்கொன்று உள்ள சிறு வேற்றுமைகளைக் கவனித்துச் சொல்வாராம். 1977-ல் பத்மஸ்ரீ விருது வந்தது. விருதுக்கு முன்னும் பின்னும் அவர் வாழ்ந்த எளிமையில் மாற்றமில்லை.

எண்பது வயதை ஒட்டிய அந்த நாட்களில், ஓய்வெடுக்கும்படி சொல்ல வேண்டிய வயதில், அவர் இன்னொரு கணக்கெடுப்புக்குக் கிளம்பினார். கேரளத்தில் பாலக்காடு மாவட்டத்து அமைதிப் பள்ளத்தாக்கு வழியே குந்திப்புழை ஆறு ஓடுகிறது. அங்கே அணை கட்டி மின்சாரம் எடுக்க 1970-களில் திட்டம் உருவாயிற்று. கட்டினால் ஆற்றோரத்து மழைக்காடு நீரில் மூழ்கும். எதிர்த்துப் பலர் குரல் கொடுத்தார்கள், கவிஞர்கள் பாடினார்கள், பள்ளி ஆசிரியர்கள் ஊர் ஊராகப் போய் விளக்கினார்கள். ஜானகி அம்மாளும் குரல் கொடுத்தார். ஆனால் தமக்குத் தெரிந்த வழியில் இன்னொன்றும் செய்யத் துணிந்தார். காடு ஏரியாக மாறுவதற்குள் அதன் மரங்களின் குரோமோசோம்களை எண்ணிப் பதிந்துவிட வேண்டும் என்று முடிவு செய்தார். இது ஒரு துணிகரச் செயல் என்று நண்பருக்கு எழுதினார். மிளகும் ஏலமும் காட்டுச் செடியாகவே வளரும் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி அது. மூழ்கினாலும் பதிவேடாவது மிஞ்சட்டும் என்று நினைத்தாரா, பதிவேட்டைக் காட்டியே மூழ்காமல் தடுக்கலாம் என்று நினைத்தாரா? இரண்டும் இருந்திருக்கலாம்.

1983-ல் அந்த அணைத் திட்டம் கைவிடப்பட்டது. 1984 பிப்ரவரி 7-ஆம் நாள், மதுரவாயலில் தம் ஆராய்ச்சித் தோட்டத்திலேயே ஜானகி அம்மாள் இறைவனடி சேர்ந்தார். அதே ஆண்டு நவம்பர் 15-ஆம் நாள் அமைதிப் பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.

அம்மையார் உண்டாக்கிய கலப்பினங்களில் ஒரு கத்தரியும் உண்டு; ஜானகி கத்தரி என்றே அதற்குப் பெயர். கத்தரிக்கு நம் நாடே தாயகங்களில் ஒன்று. முள்ளோடு கசப்புக் காய் காய்க்கும் அதன் காட்டு உறவினம் தரிசுகளில் இன்னும் வளர்கிறது. மரபணு மாற்றிய பி.டி. கத்தரியைப் பயிரிட அனுமதிக்கலாமா என்ற விவாதம் எழுந்தபோது, அதன் மகரந்தம் வண்டுகள் வழியே நாட்டு ரகங்களிலும் காட்டுக் கத்தரியிலும் கலந்துவிட்டால் என்ன செய்வது என்பதும் கேட்கப்பட்ட கேள்விகளில் ஒன்று. 2010 பிப்ரவரியில் மத்திய அரசு அதை நிறுத்தி வைத்தது. அது சரியா தவறா என்று பத்தாம் வகுப்பு மாணவிகள் பட்டிமன்றமே நடத்தலாம். ஆனால் கலந்துவிட்டதா என்று பின்னால் தெரிய வேண்டுமானால் கலப்பதற்கு முன் அந்தக் காட்டுக் கத்தரி எப்படி இருந்தது என்று எழுதி வைத்திருக்க வேண்டும் என்பதில் இரு தரப்பாரும் ஒத்துக்கொள்வார்கள்.

ஜானகி அம்மாள் பிறந்த தலைச்சேரியிலிருந்து சற்று வடக்கே போனால் கண்ணூர் வரும். கோயம்புத்தூர் கரும்பு நிலையத்தின் கிளை ஒன்று 1960-களிலிருந்து அங்கே இருக்கிறது. பல நாடுகளிலிருந்து கொண்டுவந்த கரும்பு வகைகளையும் அவற்றின் காட்டு உறவினங்களையும் அங்கே வரிசையாக நட்டுக் காக்கிறார்கள். நோவாவின் பேழை மரத்தால் ஆனது. இது மண்ணில் நிற்கும் பேழை. கரும்பின் விதையைப் புட்டியில் போட்டு மூடி வைத்தால் அதே ரகம் திரும்பக் கிடைக்காது. ஆகவே கரணையை வெட்டி மறுபடி மறுபடி நட்டாக வேண்டும். ஒவ்வொரு வரிசையின் தலைப்பிலும் பெயர்ப்பலகை உண்டு. பலகை மாறிப்போகாமல் ஒவ்வொரு நடவிலும் சரிபார்க்கிறார்கள்.